ரொமாண்டிக் கவிதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவல்லிக்கேணியில் ஒரு மொட்டைமாடியில், மாதம் ஒரு ஞாயிறு மாலை, பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஆங்கில ரொமாண்டிக் கவிதைகளை வாசிக்கிறோம். கூடவே ஒரு தமிழ்ப் பாட்டு கட்டாயம் உண்டு. நான் கல்லூரியில் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. வாசிப்பு நடுவில் முழுசாகப் பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ரொமாண்டிக் கவிதை என்றால் காதல் கவிதைதானே?

அப்படி நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். முதல் நாள் ஒரு மலையையும் ஒரு பிச்சைக்காரக் கிழவரையும் பற்றிய கவிதைகளைப் படித்ததும் திகைத்துப் போகிறார்கள்.

'ரொமான்ஸ்' என்பது முதலில் காதலைக் குறித்த சொல் இல்லை. லத்தீனிலிருந்து பிறந்த மொழிகளில், இடைக்காலத்தில், வீரர்களையும் மாயங்களையும் வைத்துச் சொன்ன கதைகளுக்கு அந்தப் பெயர். கட்டுக்கடங்காத கற்பனை, தூரத்து இடங்கள், பொங்கும் உணர்ச்சி எல்லாம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டன. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் எழுந்த ஓர் இலக்கிய அலைக்கு அந்தப் பெயர் நிலைத்தது. தமிழில் புனைவியல் என்றும் கற்பனாவாதம் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டும் முழுத் திருப்தி தரவில்லை. இந்தக் கவிஞர்கள் கற்பனையைக் கொண்டாடியது உண்மைதான். ஆனால் அவர்களைப் போலக் கண்ணால் உற்றுப் பார்த்தவர்களும் குறைவு. அதனால் நாங்கள் ரொமாண்டிக் என்றே சொல்கிறோம்.

எப்போது, யார் தொடங்கினார்கள்?

ஆங்கிலத்தில் 1798-ஐச் சொல்வது வழக்கம். அந்த வருஷம் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தும் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜும் சேர்ந்து, தங்கள் பெயரைப் போடாமல், 'லிரிக்கல் பேலட்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். 1800-ல் வந்த இரண்டாம் பதிப்புக்கு வேர்ட்ஸ்வொர்த் ஒரு நீண்ட முன்னுரை எழுதினார். சாதாரண ஜனங்கள் உண்மையில் பேசுகிற மொழியில் கவிதை எழுதலாம் என்று அதில் வாதாடினார். இன்று இது சாதாரணமாகத் தெரிகிறது. அன்று பலருக்குக் கோபம் வந்தது.

அவர்களுக்கு முன்பே லண்டனில் வில்லியம் பிளேக் தனியாக எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் பைரன், ஷெல்லி, கீட்ஸ் வந்தார்கள். இந்த மூவரும் இளம் வயதிலேயே போய்விட்டார்கள். கீட்ஸ் 1821-ல் இருபத்தைந்து வயதில், ஷெல்லி 1822-ல் இருபத்தொன்பதில், பைரன் 1824-ல் முப்பத்தாறில். வேர்ட்ஸ்வொர்த் மட்டும் எண்பது வயது வரை இருந்தார்.

எதற்கு இவ்வளவு மரம், மலை, பறவை?

அவை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்ததால்தான் என்று நினைக்கிறேன். நீராவி இயந்திரம் வந்து, ஆலைகள் பெருகி, கிராமத்து ஜனங்கள் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி சுரண்டிய சின்னஞ்சிறு பையன்களைப் பற்றி பிளேக் எழுதினார். இயற்கையைப் பாடுவது அந்தக் காலத்தில் அழகுக்காக மட்டும் செய்த காரியம் இல்லை. ஆலைக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் மனிதனை ஒப்புக்கொடுக்க மாட்டேன் என்ற பிடிவாதமும் அதில் இருந்தது.

இதில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் ஜான் கிளேர். விவசாயக் கூலி வேலை செய்தவர். அவருடைய ஹெல்ப்ஸ்டன் கிராமத்தின் பொது நிலங்களை வேலி போட்டுத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க 1809-ல் சட்டம் வந்தது. சின்ன வயதில் அவர் ஓடித் திரிந்த மேய்ச்சல் வெளி, ஓடை, மரம் எல்லாம் கண்ணெதிரே மறைந்தன. வேர்ட்ஸ்வொர்த் மலையைப் பார்த்துத் தன் மனதை நினைக்கிறார். கிளேர் ஒரு பறவைக் கூட்டைப் பார்த்தால் கூட்டைத்தான் பார்க்கிறார்: எந்தப் புல், எந்தப் பாசி, முட்டையில் என்ன புள்ளி என்று. கடைசி இருபது வருஷத்துக்கும் மேல் மனநோய் விடுதியில் கழித்து 1864-ல் இறந்தார்.

கிளேரைப் படிக்கிற நாளெல்லாம் எனக்கு மாம்பலம் ஏரிதான் ஞாபகம் வரும். அதைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னமும் இருக்கிறது. ஏரி இல்லை. அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒருவர் எழுதியிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதைக் கிளேர் காட்டுகிறார்.

பள்ளியில் டாஃபடில்ஸ் கவிதையை மனப்பாடம் செய்தோம். அந்தப் பூவை நேரில் பார்த்ததே இல்லை. எப்படி ரசிப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. கேட்கும் குரலில் ஒரு பழைய வருத்தம் தெரியும். வெயில் கொளுத்தும் வகுப்பறையில், பொருள் தெரியாமல், மதிப்பெண்ணுக்காக ஒப்பித்த வருத்தம். அது நியாயமானதுதான்.

ஆனால் அந்தக் கவிதை பிறந்த கதையைக் கேளுங்கள். 1802 ஏப்ரல் 15-ம் தேதி வேர்ட்ஸ்வொர்த்தும் அவருடைய தங்கை டோரதியும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் நடந்து போனார்கள். பலத்த காற்று. கரையோரம் நீளத்துக்கு மஞ்சள் பூக்கள். அன்று அதை எழுதி வைத்தவர் டோரதிதான். தன் நாட்குறிப்பில், சில பூக்கள் களைத்துப் போய்க் கல்லைத் தலையணையாக வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தன, மற்றவை ஆடிச் சிரித்தன என்று எழுதினார். அண்ணன் அந்தக் கவிதையை எழுதியது இரண்டு வருஷம் கழித்து. அதிலும் 'தனிமையின் பேரின்பமான அகக்கண்' என்று வரும் இரண்டு வரிகளை அவருடைய மனைவி மேரி கொடுத்தார் என்று வேர்ட்ஸ்வொர்த்தே சொல்லியிருக்கிறார்.

ஆக, 'மேகம் போலத் தனியாக அலைந்தேன்' என்று தொடங்கும் கவிதைக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். கவிதை நடப்பதும் ஏரிக்கரையில் இல்லை. வீட்டுக்குள், ஒரு சாய்விருக்கையில், சோர்ந்து படுத்திருக்கும்போது அந்தப் பூக்கள் திரும்பி வருகின்றன. அதாவது அவர் எழுதும்போது அவர் கண் முன்னாலும் பூ இல்லை. நம்மைப் போலத்தான்.

சித்திரையில் சென்னைத் தெருவில் சரக்கொன்றை பூத்துத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பஸ் ஜன்னலில் ஒரு கணம் வந்து போகும். அன்று ஒன்றும் தோன்றாது. அப்புறம் ஐப்பசி மழையில், கரண்ட் போன இருட்டில், காரணமே இல்லாமல் அந்த மஞ்சள் நினைவுக்கு வரும். அப்படி வந்திருந்தால் கவிதை உங்களுக்குப் புரிந்துவிட்டது. குறிஞ்சிப் பூவையும்தான் நம்மில் பலர் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூப்பது. அதற்காகக் குறுந்தொகையை மூடி வைத்துவிட்டோமா?

சங்க அகப்பாடல்களில் இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே? புதிதாக என்ன சொல்லிவிட்டார்கள்?

காதல், இயற்கை, உணர்வு மூன்றும் அங்கேயும் இருக்கின்றன. ஆனால் சேர்ந்திருக்கும் விதம் வேறு. அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதற்காகத்தான் நாங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிறோம். யார் முந்தி என்ற போட்டியில் எனக்கு அக்கறை இல்லை.

ரொமாண்டிக் கவிஞர் 'நான்' என்று தொடங்குவார். அந்த 'நான்' பெரும்பாலும் கவிஞரேதான். எந்த இடம், எந்தத் தேதி என்றுகூடச் சொல்வார். டின்டர்ன் மடத்துக்குச் சில மைல் மேலே நின்று வேர்ட்ஸ்வொர்த் எழுதிய கவிதையின் தலைப்பிலேயே 1798 ஜூலை 13 என்று இருக்கிறது. நம்முடைய அகப்பாடலில் அது கூடாது. 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பியம் விதித்துவிட்டது. தலைவி, தலைவன், தோழி, செவிலி. பெயர் கிடையாது. பாடியவரின் சொந்தக் கதையா என்று கேட்கவே இடமில்லை.

அடுத்தது, நிலம். தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்தின் மரம், பறவை, தெய்வம், தொழில் எல்லாம் கரு. உணர்வுதான் உரி. குறிஞ்சி என்றால் கூடல், நெய்தல் என்றால் இரங்கல். மலையைப் பாடினாலே மனசின் எந்த நிலை என்று கேட்பவருக்குத் தெரியும். கபிலரின் இந்தப் பாட்டைப் பாருங்கள், குறுந்தொகையில் 25-வது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னோடு சேர்ந்த அன்று அங்கே யாரும் இல்லை. அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத் தாள் போல மெல்லிய பச்சைக் காலோடு, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்து நின்ற ஒரு குருகு இருந்தது. அவ்வளவுதான் பாட்டு.

அவள் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'யான் எவன் செய்கோ' என்பதோடு நிறுத்திவிட்டு, குருகின் காலை வர்ணிக்கிறாள். அன்று அந்த நேரத்தில் அவள் கண் அந்தக் காலில் போய் நின்றிருக்கிறது. தினைத் தாள் என்று ஒப்பிடும் அளவுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாபகம்தான் அவளுடைய காதல், அவளுடைய பயம், எல்லாம். ஒரே சாட்சியான அந்தக் குருகும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சாட்சிக்கும் தன் இரைதான் முக்கியம். அவனும் அப்படிப்பட்டவன்தானோ என்ற சந்தேகம் அந்த மீனுக்குள் ஒளிந்திருக்கிறது.

வேர்ட்ஸ்வொர்த்தாக இருந்தால் அந்தக் குருகைப் பார்த்துத் தனக்கு என்ன ஆயிற்று என்று விளக்கியிருப்பார், அதுவும் அழகாகவே. அவருக்கு அந்த விளக்கம் தேவைப்பட்டது. இந்த நிலத்துக்கு இந்த உணர்வு என்று எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஏற்பாடு அவருடைய மொழியில் இல்லை. ஒவ்வொரு கவிதையிலும் மலைக்கும் மனசுக்கும் இடையே புதிதாகப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. அந்த உழைப்பைத்தான் அவருடைய நீண்ட வாக்கியங்களில் கேட்கிறோம். இது புரிந்த பிறகு எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

அப்படியானால் இதில் காதல் கவிதையே இல்லையா?

நிறைய இருக்கிறது. பைரன் 1814-ல் ஒரு விருந்தில், மினுமினுக்கும் கருப்புத் துக்க உடையில் வந்த உறவுக்காரப் பெண்ணைப் பார்த்து எழுதிய கவிதையில், அவளை நிலவுக்கு ஒப்பிடவில்லை. மேகமில்லாத, நட்சத்திரம் நிறைந்த இரவுக்கு ஒப்பிட்டார். கருமையை அழகாக்கிய அந்த ஒரு நகர்வுக்காகவே அதைப் படிக்கலாம்.

வேர்ட்ஸ்வொர்த் 'லூசி' என்ற பெண்ணைப் பற்றிச் சில சின்னக் கவிதைகள் எழுதினார். யார் அவள் என்று யாருக்கும் தெரியாது. பாசி படிந்த கல்லருகே பாதி மறைந்த ஊதாப் பூ என்பார். வானத்தில் ஒன்றே ஒன்று மட்டும் மின்னும்போது இருக்கிற நட்சத்திரம் என்பார். அவள் வாழ்ந்ததும் செத்ததும் ஊருக்குத் தெரியாது, ஆனால் எனக்கு எல்லாமே மாறிவிட்டது என்று முடியும். இந்தக் கவிதைக்குப் பக்கத்தில் 'யாயும் ஞாயும் யாராகியரோ' பாட்டை வைத்து வாசிப்போம். ஒருவர் மற்றவருக்கு யாருமே இல்லாதவராக இருந்த இரண்டு பேர், செம்மண்ணில் விழுந்த மழைநீர் போலக் கலந்துவிட்டார்கள். அங்கே தண்ணீரும் மண்ணும் பிரியாது. இங்கே கல்லருகே பூ தனியாகவே இருந்து தனியாகவே போகிறது.

கீட்ஸைப் படித்தால் துக்கமாக இருக்கிறதே?

இருக்கும். மருத்துவம் பயின்றவர். அம்மாவையும் தம்பி டாமையும் காசநோய்க்குக் கொடுத்தார். தம்பியைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவரும் அவரே. 1820 பிப்ரவரியில் இருமலில் வந்த ரத்தத்தின் நிறத்தைப் பார்த்தவுடனேயே, இது எனக்கு மரண ஓலை என்று நண்பரிடம் சொன்னார். ஒரு வருஷத்தில் ரோம் நகரில் இறந்தார். 'நீரில் பெயர் எழுதப்பட்டவன் ஒருவன் இங்கே கிடக்கிறான்' என்று கல்லறையில் பொறிக்கச் சொன்னார். பெயரைப் போட வேண்டாம் என்றார்.

ஆனால் அவருடைய நைட்டிங்கேல் பறவைக் கவிதையை அழுகையாக மட்டும் படிக்காதீர்கள். 1819 வசந்தத்தில், ஹாம்ஸ்டெட் வீட்டுத் தோட்டத்தில், ஒரு பிளம் மரத்தடியில் உட்கார்ந்து எழுதியது. தம்பி போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. இருட்டில் காலடியில் என்ன பூ இருக்கிறது என்று தெரியாமல், வாசனையை வைத்தே ஒவ்வொரு பூவாகக் கண்டுபிடிக்கும் ஒரு பத்தி அதில் வருகிறது. அதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசும் கவிதையில் உயிர் வழிகிற இடம் அது.

பாரதிக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

இளம் வயதில் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் பாரதி. அடிமைத்தனத்தை வெறுத்தது, காற்றையும் நெருப்பையும் கூப்பிட்டுப் பேசியது இரண்டிலும் ஷெல்லியின் சாயல் தெரியும். ஆனால் வாங்கியதை அவர் எப்படி மாற்றினார் என்பதுதான் சுவாரசியம்.

ஷெல்லி 1819-ல் ஃபிளாரன்ஸ் நகருக்கு அருகே எழுதிய மேல்காற்றுப் பாட்டில் காற்று ஒரு பெரும் சக்தி. அழிப்பதும் அதுதான், காப்பதும் அதுதான். என்னை உன் யாழாக்கிக்கொள், என் சொற்களைச் சாம்பலும் பொறியுமாக உலகம் முழுக்கத் தூவு என்று கெஞ்சுகிறார். மூன்று வருஷத்தில் அவரே இத்தாலியக் கடலில் புயலில் படகு மூழ்கி இறந்தார்.

பாரதியின் வசன கவிதையில் வரும் காற்றைப் பாருங்கள். ஒரு வீட்டு மாடி, தென்னோலைப் பந்தல், அதில் தொங்கும் இரண்டு கயிற்றுத் துண்டுகள். ஒன்று கந்தன், மற்றது வள்ளியம்மை. இரண்டும் கணவனும் மனைவியும். காற்று வந்து அவற்றை ஊசலாட்டுகிறது, உயிர் கொடுக்கிறது, பேச வைக்கிறது. ஷெல்லி வானத்தில் பார்த்ததை பாரதி பந்தல் கயிற்றில் பார்த்துவிட்டார். காதல், இயற்கை, உணர்வு மூன்றையும் ஒன்றே முக்கால் சாண் கயிற்றில் கட்டிய கவிதையை நான் வேறெங்கும் படித்ததில்லை. நாங்கள் இதை மொட்டைமாடியில், துணிக்கொடி காற்றில் ஆடும்போது வாசித்தோம். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

புயலும் அப்படித்தான். 'காற்றடிக்குது கடல்குமுறுது கண்ணை விழிப்பாய் நாயகனே' என்று பாரதி எழுதும்போது, அது ஒரு கணவனும் மனைவியும் ராத்திரியில் பேசிக்கொள்வது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்து மரங்களைச் சாய்த்தபோது சென்னையில் எத்தனையோ வீடுகளில் இதே குரலில்தான் பேசியிருப்போம்.

குயில் பாட்டையும் கீட்ஸையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டிலும் ஒரு பறவை பாடுகிறது, கேட்பவன் மயங்குகிறான், கடைசியில் கனவா நனவா என்று விழிக்கிறான். கீட்ஸின் பறவை மரணமில்லாதது. பாரதியின் குயில் 'காதல் காதல் காதல், காதல் போயிற் காதல் போயிற் சாதல் சாதல் சாதல்' என்று பாடுகிறது. இன்னொன்று: இரண்டு கவிஞர்களும் பறவையைப் பெண்ணாக நினைத்தார்கள். நிஜத்தில் இரண்டு இனத்திலும் அப்படிப் பாடுவது ஆண்.

பாரதி கடைசியாக வாழ்ந்த வீடு எங்கள் மாடியிலிருந்து நடந்து போகும் தூரம். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் இப்போது நினைவில்லமாக இருக்கிறது. 1921 செப்டம்பரில் அங்கேதான் இறந்தார்.

உணர்ச்சியைக் கொட்டினால் கவிதை ஆகிவிடுமா?

'வலிய உணர்ச்சிகள் தாமாகப் பொங்கி வழிவதே கவிதை' என்ற வேர்ட்ஸ்வொர்த்தின் வரியை எல்லோரும் சொல்வார்கள். அதே முன்னுரையில் அவர் தொடர்ந்து சொன்னதை விட்டுவிடுவார்கள்: அமைதியான நேரத்தில் நினைவுகூரப்பட்ட உணர்ச்சியிலிருந்து அது பிறக்கிறது. பொங்குவது ஒரு நாள். எழுதுவது வேறொரு நாள்.

ஔவையாரின் 'முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்' பாட்டில் ஆத்திரம் எவ்வளவு! சுவரில் முட்டிக்கொள்ளவா, யாரையாவது அடிக்கவா, ஆவென்று கத்தவா என்று தவிக்கிறாள். என் நோயைத் தெரிந்துகொள்ளாமல் ஊர் தூங்குகிறதே என்பதுதான் அவள் கோபம். ஆனால் அந்தத் தவிப்பு முழுக்க ஐந்தே அடியில், ஒரு சொல் மிகாமல் நிற்கிறது.

எனக்கு இது புத்தியில் ஏறியது வேறொரு கவிதையால். வேர்ட்ஸ்வொர்த்தின் மகள் கேத்தரின் 1812-ல் மூன்று வயதில் இறந்தாள். பிறகு அவர் ஒரு பதினான்கு வரிக் கவிதை எழுதினார். ஏதோ ஒரு மகிழ்ச்சி திடீரென்று வருகிறது. அதைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் திரும்புகிறார். அவள் மண்ணுக்குள் இருக்கிறாள். ஒரு நொடி அவளை எப்படி மறந்தேன் என்பதுதான் கவிதையின் வலி. இதை எத்தனையோ வருஷம் வகுப்பில் நடத்தினேன். என் அம்மா போன வருஷம், ஐப்பசியில் முதல் மழை பெரிதாகப் பிடித்தபோது, வாசலில் நின்றுகொண்டு "அம்மா, மழை!" என்று உள்ளே திரும்பினேன். அன்று அந்தக் கவிதையில் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெண் கவிஞர்கள் உண்டா?

உண்டு. ஷார்லட் ஸ்மித் 1784-ல் வெளியிட்ட சோகச் சானெட்டுகள் (பதினான்கு வரிக் கவிதைகள்) வேர்ட்ஸ்வொர்த்துக்கு வழி காட்டியவை. ஃபெலிசியா ஹெமன்ஸ் அந்தக் காலத்தில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டவர். பாடப் புத்தகங்கள் அவர்களை ஓரத்தில் தள்ளின. டோரதியின் நாட்குறிப்பை நான் எந்தக் கவிதைக்கும் குறைவாக நினைக்கவில்லை. ஔவையார், வெள்ளிவீதியார் பெயர்கள் தொகைநூல்களில் ஆண் புலவர்களோடு அப்படியே நிற்கின்றன. அதை நினைத்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

ஆங்கிலம் அவ்வளவாக வராது. வரலாமா?

தாராளமாக வாருங்கள். முதலில் பொருளைத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் மூலத்தை வாசிப்போம். ஓசையைக் கேட்டால் போதும்.

எதிலிருந்து தொடங்குவது?

பிளேக்கின் சின்னக் கவிதைகளிலிருந்து. அப்புறம் லூசி கவிதைகள், பிறகு இலையுதிர் காலத்தைப் பற்றிக் கீட்ஸ் எழுதியது. கோல்ரிட்ஜின் கிழ மாலுமிக் கதையை ஒரே மூச்சில், ராத்திரியில் படியுங்கள். பைரனின் நீண்ட கவிதைகளுக்கு அவசரம் இல்லை. தமிழில் குறுந்தொகை போதும், ஒரு நாளைக்கு ஒரு பாட்டு.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு இயற்கைக் கவிதையா?

வேர்ட்ஸ்வொர்த்தே 1802-ல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்று, விடிகாலை நகரத்தைப் போல அழகானது பூமியில் இல்லை என்று எழுதினார். புகை எழும்பாத நேரம், வீடுகளே தூங்குவது போல இருந்த நேரம். விடியற்காலை ஐந்தரைக்கு நேப்பியர் பாலத்தில் நின்று பாருங்கள். கூவத்தின் நாற்றம் இருக்கும். முகத்துவாரத்துக்கு அப்பால் கடல் சாம்பல் நிறத்திலிருந்து மாறுவதும் இருக்கும்.

பள்ளிக்கரணை சதுப்பில் மார்கழி, தை மாதங்களில் பறவைகள் இறங்குகின்றன. அடையாறு முகத்துவாரத்தில் குருகு நிற்கிறது. கபிலர் பார்த்த அதே நிற்பு. நம்முடையது நெய்தல் நிலம். நெய்தலுக்கு உரிய உணர்வு இரங்கல், காத்திருப்பின் வருத்தம். வேலைக்காக ஊரை விட்டு வந்து, போனில் மட்டும் வீட்டைப் பார்க்கிறவர்கள் நிறைந்த நகரத்துக்கு இந்தத் திணை பொருந்தித்தான் இருக்கிறது.

ஒரு தடவை கூட்டத்தை மாடியில் நடத்தாமல் நீலாங்கரைப் பக்கம் கடற்கரையில் நடத்தினோம். மணலில் ஒரு கொடி படர்ந்திருந்தது. இலை நடுவில் பிளந்து மான் குளம்பு போல, பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பில். வந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, "மேடம், இது என்ன கொடி?" என்றாள். அடும்பு. அடப்பங்கொடி என்றும் சொல்வார்கள். அங்கேயே குறுந்தொகை 243-ஐ எடுத்தோம், நம்பி குட்டுவன் பாடியது:

மானடி யன்ன கவட்டிலை அடும்பின்
தார்மணி யன்ன ஒண்பூக் கொழுதி
ஒண்டொடி மகளிர் வண்டல் அயரும்
புள்ளிமிழ் பெருங்கடற் சேர்ப்பனை
உள்ளேன் தோழி படீஇயர்என் கண்ணே

மான் அடி போன்ற பிளந்த இலை. குதிரைக் கழுத்து மாலையின் மணி போன்ற பூ. அதைக் கிள்ளி, மணல் வீடு கட்டி விளையாடும் பெண்கள். பறவைகள் ஒலிக்கும் பெரிய கடல். இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்தக் கரைக்குச் சொந்தக்காரனை நான் இனி நினைக்கமாட்டேன் தோழி, என் கண் தூங்கட்டும் என்கிறாள்.

அந்தப் பெண் குனிந்து ஓர் இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நினைக்கமாட்டேன்னு சொல்றவ, எதுக்கு மேடம் இலைகூட எப்படி இருக்கும்னு சொல்றா?"